சைகோனில் ஒரு செய்தியாளர்



1975ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள். வட வியட்நாமியப் படையின் டாங்கிகள் சைகோன் நகருக்குள் புகுந்து, அதிபர் மாளிகையின் இரும்புக் கதவை மோதித் திறந்தன. அமெரிக்கத் தூதரகத்தின் கூரையிலிருந்து கடைசி ஹெலிகாப்டர் அன்று காலையிலேயே பறந்து போயிருந்தது. அந்த நாளில், 'டைம்' என்னும் அமெரிக்க வார ஏட்டின் சைகோன் அலுவலகத்தில் எஞ்சியிருந்த செய்தியாளர் ஒரே ஒருவர்தாம். அமெரிக்க நிருபர்கள் அனைவரும் வெளியேறிவிட்டனர், இனி அலுவலகத்தைத் தாமே கவனித்துக்கொள்வதாக அவர் நியூயார்க்குக்கு டெலக்ஸ் செய்தி அனுப்பினார். தம் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் சில நாள்களுக்கு முன்புதான் 'டைம்' நிறுவனத்தின் ஏற்பாட்டில் அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்திருந்தார்.

அவர் பெயர் பாம் சுவான் ஆன். அமெரிக்காவின் பெரிய ஏடொன்றில் முழுநேர நிருபராக அமர்த்தப்பட்ட முதல் வியட்நாமியர் அவரே. நியூயார்க்கிலிருந்த அவருடைய ஆசிரியர்கள் அறியாத இன்னொன்றும் உண்டு. 20 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கம்யூனிஸ்டுத் தரப்பின் உளவாளி. வியட்நாமிய மொழியில் 'ஆன்' என்ற பெயருக்கே 'மறைந்திருப்பது' என்று பொருளாம்! பெற்றோர் என்ன நினைத்து வைத்தார்களோ!

இந்தக் கதையை ஒரு நாள் நம் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பையன் எழுந்து, "சார், அவர் நல்லவரா, கெட்டவரா?" என்றான். உடனே விடை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறோம்.

ஆன் 1927ஆம் ஆண்டு பியன் ஹோவா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் நில அளவைத் துறையில் பணியாற்றியவர். பிரெஞ்சுக்காரரை எதிர்த்து விடுதலைப் போர் மூண்டபோது இளைஞராயிருந்த ஆன் அதில் சேர்ந்தார். 1953இல் கம்யூனிஸ்டுக் கட்சியின் உறுப்பினரானார். மறு ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின்படி நாடு வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்கர்கள் தெற்கில் வந்து இறங்கினார்கள். அவர்களை அறிந்துகொள்ள வேண்டும். அவர்கள் மொழியில் பேச வேண்டும். ஐயத்துக்கு இடமின்றி எங்கும் போய்வர வேண்டும். இதற்கெல்லாம் பொருத்தமான தொழில் எது? செய்தியாளர் தொழில்தான் என்று அவருடைய மேலிடம் முடிவு செய்தது.

ஆகவே 1957இல், தமது முப்பதாம் வயதில், ஆன் கலிபோர்னியாவிலுள்ள ஆரஞ்சு கோஸ்ட் கல்லூரிக்கு இதழியல் படிக்கச் சென்றார். இதில் ஒரு வேடிக்கை. அவர் பயணத்துக்குக் கட்சியும் பணம் திரட்டிற்று. அமெரிக்கத் தரப்பினரும் பரிந்துரை செய்து உதவினர். அவருக்கு அறிமுகமாகியிருந்த எட்வர்ட் லான்ஸ்டேல் அமெரிக்க உளவுத்துறையில் பெயர் பெற்றவர். கல்லூரியில் ஆன் மாணவர் இதழில் எழுதினார். சாக்ரமெண்டோ நகரத்து நாளேடு ஒன்றில் பயிற்சியும் பெற்றார். அவர் படித்த அந்த ஆரஞ்சு வட்டாரத்தில் அன்று வியட்நாமியர் என்று சொல்ல ஆளில்லை. போர் முடிந்தபின் தப்பி வந்த அகதிகள் குடியேறி, இன்று அதே வட்டாரத்தில் 'சின்னச் சைகோன்' என்றே ஒரு பகுதி இருக்கிறது.

1958இல் அவருடைய மேலதிகாரி சைகோனில் பிடிபட்டார். ஊர் திரும்பினால் சிறைதானோ என்று ஆன் கலங்கினார். சான் பிரான்சிஸ்கோவில் பெரிய பாலத்தின் மேல் நின்று, கடலுக்கு நடுவே தெரிந்த அல்காட்ராஸ் சிறைத் தீவைப் பார்த்தபோது மனம் பட்டபாட்டைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆயினும் 1959இல் திரும்பினார். சில காலம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தார். யாரும் தேடி வரவில்லை. பிறகு அரசாங்கச் செய்தி நிறுவனத்திலும், அடுத்து ராய்ட்டர் செய்தி நிறுவனத்திலும் வேலைக்கமர்ந்தார்.

இங்கே நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலாயாவில் அவசரகாலத்தில், 1950 முதல், சிதறிக் கிடந்த குடியிருப்பாளர் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் முள்வேலிக்குள் குடியமர்த்தினார்கள் அல்லவா? தோட்டங்களிலும் லயங்களை ஒன்றுகூட்டி வேலி அடைத்தார்கள். காட்டிலிருந்தவர்களுக்கு உணவும் செய்தியும் போகாமல் தடுப்பதே நோக்கம். அந்தப் பணியில் அனுபவம் பெற்ற ராபர்ட் தாம்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1961இல் ஆலோசகராகச் சைகோனுக்குப் போனார். அவர் சொன்ன பாடத்தை வைத்துத் தென் வியட்நாமிய அரசு 'போர்த்திறக் கிராமங்களை' அமைத்தது. ஆனால் பல ஆண்டுகளில் செய்ய வேண்டியதைச் சில மாதங்களில் செய்தார்கள். மூதாதையர் கல்லறைகளைவிட்டு உழவர்களை வலுவில் பெயர்த்தார்கள். திட்டம் சரிந்தது. அதை மேற்பார்வையிட்ட கர்னல் பாம் நோக் தாவ் என்பவரும் கம்யூனிஸ்டு உளவாளியே என்பது பின்னால் தெரிந்தது. அத்திட்டத்தையும் அமெரிக்கரின் போர்முறையையும் பற்றிய தாள்களைப் படித்து, விளக்கி, காட்டுக்கு அனுப்புவது ஆன் செய்த வேலைகளுள் ஒன்று. மலாயாவில் கற்ற பாடத்தை வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்களும் இவ்வாறு படித்துக்கொண்டார்கள்.

இனி, அக்காலத்தில் சைகோனிலிருந்த அமெரிக்கச் செய்தியாளர்களைப் பார்ப்போம். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையினரே. 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டின் டேவிட் ஹால்பர்ஸ்டாம், யு.பி.ஐ. நிறுவனத்தின் நீல் ஷீஹன், ஏ.பி. நிறுவனத்தின் மால்கம் பிரௌன் ஆகியோர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர்கள். தங்கள் நாடு வெல்ல வேண்டும் என்று விரும்பியவர்களே.

1963 ஜனவரி 2ஆம் நாள், சைகோனுக்குத் தென்மேற்கே அப் பாக் என்னும் சிற்றூரில் நடந்த சண்டை அவர்கள் கண்களைத் திறந்தது. ஏறத்தாழ 350 கொரில்லாக்கள் வாய்க்கால் கரைகளில் குழி தோண்டி இருந்தார்கள். அவர்களைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட அரசுப் படை ஹெலிகாப்டர்களோடும் கவச வண்டிகளோடும் வந்தது. மாலைக்குள் 5 ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன. அரசுப் படையில் சுமார் 80 பேரும் அமெரிக்கர் மூவரும் மாண்டனர். கொரில்லாக்கள் 18 பேரை இழந்து, இருட்டில் நழுவிப் போய்விட்டனர். மறுநாள் அமெரிக்கத் தளபதி ஹார்கின்ஸ் அங்கே வந்து, பகைவர் பொறியில் சிக்கிவிட்டனர் என்று செய்தியாளர்களிடம் கூறினார். பொறியில் ஒருவரும் இல்லை! அங்கிருந்த இராணுவ ஆலோசகர் ஜான் பால் வான், நடந்ததை நடந்தபடி ஹால்பர்ஸ்டாமுக்கும் ஷீஹனுக்கும் எடுத்துச் சொன்னார். அவர்களும் அப்படியே எழுதினார்கள். தளபதியோ வெற்றி என்றே சாதித்தார்.

அதே சண்டையைக் குறித்து இன்னோர் அறிக்கையும் எழுதப்பட்டது. ஹெலிகாப்டர்கள் எப்படி இறங்கும், கவச வண்டிகளை எப்படி நிறுத்தலாம் என்றெல்லாம் ஆன் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்த விளக்கங்கள் அந்த வெற்றிக்கு உதவின. அதற்காக, போரை நடத்திய தளபதிக்குக் கிடைத்தது போன்ற பதக்கம் அவருக்கும் வழங்கப்பட்டது. அணிந்துகொள்ளத்தான் முடியாது.

நேயர்களே, இந்த இடத்தில்தான் நம் கருத்தை வைக்கிறோம். அமெரிக்கர் தோற்றதற்கு ஆன் போன்ற ஒற்றர்களே காரணம் என்று சொல்பவர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஆன் தம் மேலிடத்துக்குச் சொன்ன உண்மையின் பெரும்பகுதி அமெரிக்கரின் மேசைமீதும் கிடந்தது. வான் சொன்னார்; ஹால்பர்ஸ்டாம் எழுதினார். ஒரு பக்கத்தார் விளக்கை வைத்துக்கொண்டு அதைப் படித்தார்கள். மற்றப் பக்கத்தார் எழுதியவன்மேல் சினந்தார்கள். 1963 அக்டோபரில் அதிபர் கென்னடி 'நியூயார்க் டைம்ஸ்' வெளியீட்டாளரை நேரில் சந்தித்தபோது, ஹால்பர்ஸ்டாமைச் சைகோனிலிருந்து மாற்றலாமே என்றார். வெளியீட்டாளர் இணங்கவில்லை. அதிபருக்குப் பணிந்ததாகத் தோன்றிவிடக் கூடாதென்று, ஹால்பர்ஸ்டாமுக்குத் தரவிருந்த விடுமுறையைக்கூட அந்த ஏடு தள்ளி வைத்தது. அடுத்த ஆண்டு ஹால்பர்ஸ்டாமும் பிரௌனும் புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

'டைம்' ஏட்டில் நடந்ததோ வேறு. அந்த ஏட்டை 1923இல் தொடங்கியவர்களுள் ஒருவரான ஹென்றி லூஸ், சீனாவில் கிறித்துவப் பாதிரியார் ஒருவருக்குப் பிறந்தவர். சீனா கம்யூனிஸ்டுகள் வசமானதை அவரால் மறக்க முடியவில்லை. 'டைம்' நடந்த முறையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நிருபர் நீண்ட குறிப்புகளை அனுப்புவார். நியூயார்க்கிலுள்ள எழுத்தாளர் அவற்றைச் சுருக்கி, மாற்றி, புதிதாக எழுதுவார். கட்டுரையில் யார் பெயரும் இராது. 1963இல் அதன் சைகோன் நிருபர் சார்லஸ் மோர், போர் தோல்வியை நோக்கிப் போகிறது என்று எழுதி அனுப்பினார். நியூயார்க்கில் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். அதோடு நில்லாமல், நிர்வாக ஆசிரியர் ஓட்டோ ஃபூயர்பிரிங்கர், சைகோனிலுள்ள செய்தியாளர்கள் ஒரே இடத்தில் கூடிப் பேசித் தம்மைத் தாமே குழப்பிக்கொள்கிறார்கள் என்று சாடும் கட்டுரை ஒன்றை வெளியிடச் செய்தார். தன் நிருபரைத் தன் ஏட்டிலேயே அடிப்பது! மோரும் அவருடைய துணைவர் மெர்ட்டன் பெரியும் வேலையை உதறிவிட்டார்கள்.

ஆன் 1960களின் நடுவில் வந்து சேர்ந்தது இந்த ஏட்டில்தான். நேர்மையான நிருபர் சொன்னதை நம்பாத அலுவலகம், உளவாளியின் சொல்லைப் பத்தாண்டுக் காலம் நம்பிற்று.

நம்பியதில் வியப்பும் இல்லை. காண்டினெண்டல் விடுதிக்கு எதிரே கிவ்ரால் என்றொரு காப்பிக் கடை. ஆன் அங்கே நாள்தோறும் வந்து அமர்வார். காலடியில் பெரிய அல்சேஷன் நாய் படுத்திருக்கும். படை அதிகாரிகள், வணிகர்கள், அரசியல்வாதிகள், அமெரிக்க நிருபர்கள் எல்லாரும் அவரைத் தேடி வருவார்கள். நம் தோட்டங்களில் பிரட்டுக் களத்தில் பேசியது பொழுது ஏறுவதற்குள் கிராணியார் காதுக்குப் போய்விடும் என்பார்களே, அதுபோல அந்தத் தெருவின் பேச்சை 'கத்தினா வானொலி' என்றே அழைத்தார்கள். அந்த வானொலியை நன்கு கேட்டு, பதரைப் புடைத்து நெல்லை எடுக்கத் தெரிந்தவர் ஆன். புதிதாக வந்த அமெரிக்க நிருபர்களுக்கு வியட்நாமின் வரலாறு, குடும்ப வழக்கம், யார் யாருக்கு உறவு என்பதெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

இரவில் மற்ற வேலை. தாள்களைப் படமெடுத்து, சுருளை அரிசித் தாளில் சுற்றிய இறைச்சித் தின்பண்டத்துக்குள் மறைப்பார். சில சமயம் சோற்றுக் கஞ்சியையே மையாக்கி எழுதுவார்; அயோடின் கரைசல் பட்டால் எழுத்து தெரியும். மாவுப் பொருளில் அயோடின் பட்டால் நீலமாகும் என்பதை நம் இடைநிலைப் பள்ளி மாணவர்களும் செய்து பார்த்திருப்பார்கள். அந்தப் பொட்டலத்தைச் சந்தையில் வாங்கிச் செல்பவர் நுயென் தி பா என்ற நடுத்தர வயதுப் பெண்மணி. பார்வைக்குச் சில்லறைப் பொருள் விற்பவர். அவரிடமிருந்து கைமாறிக் கைமாறிக் கூச்சிச் சுரங்கப் பகுதிக்கும் அதற்கு அப்பாலும் அது போய்ச் சேரும். ஆனைச் சுற்றி இவ்வாறு பணியாற்றிய 45 பேருள் 27 பேர் பிடிபட்டோ மாண்டோ போயினர் என்று வியட்நாம் தரப்பினர் கணக்குச் சொல்கின்றனர். ஆன் ஒருவர் பெயர் நிலைக்க, அவர் காகிதங்களைச் சுமந்தவர்கள் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியப் புத்தாண்டாகிய டெட் திருநாளின்போது, கம்யூனிஸ்டுப் படைகள் நாடெங்கும் ஒரே சமயத்தில் தாக்கின. அதற்குமுன் து காங் என்ற உளவுப் பிரிவுத் தலைவரைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு, சைகோனில் தாக்க வேண்டிய இடங்களைச் சுற்றிக் காட்டியவர் ஆன். அவர் வாழ்ந்த நகரம். அவர் நண்பர்கள் நடமாடிய தெருக்கள். அவரை மென்மையான மனிதர் என்று போற்றும் நூலாசிரியர்கள் இந்தக் கார்ப் பயணத்தின் அருகில் வந்ததும் சற்று விரைந்து கடந்துவிடுகிறார்கள். நாம் அப்படிக் கடக்க விரும்பவில்லை.

டெட் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க ஏடுகளின் போக்கும் மாறிற்று. 1968 பிப்ரவரி 27ஆம் நாள், தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் கிராங்கைட், இந்தப் போர் முட்டுக்கட்டையில் முடியும் என்று கோடிக்கணக்கான வீடுகளில் கேட்கும்படி சொன்னார். லூஸ் நிறுவனத்தின் மற்றோர் ஏடான 'லைஃப்', 1969 ஜூன் 27ஆம் நாள் இதழில், ஒரே வாரத்தில் மாண்ட 242 அமெரிக்க வீரர்களின் பெயர்களையும் கிடைத்த வரையில் முகங்களையும் வரிசையாக அச்சிட்டது. பெரும்பாலும் பள்ளி நாளில் எடுத்த படங்கள்போல் சிரித்த முகங்கள். எந்தத் தலையங்கமும் அதற்கு ஈடாகாது. அதே 'லைஃப்' ஏட்டின் புகைப்படக்காரர் லேரி பரோஸ் 1971 பிப்ரவரியில் லாவோஸ் எல்லைக்குள் ஹெலிகாப்டர் சுடப்பட்டு, வேறு மூன்று புகைப்படக்காரர்களோடு மாண்டார். அவ்வாண்டு ஜூன் மாதம், நீல் ஷீஹன் பெற்றுத் தந்த பென்டகன் ஆவணங்களை 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டது. வெளியில் மக்களுக்குச் சொன்னதற்கு மாறான பலவற்றை அரசினர் உள்ளுக்குள் அறிந்தே இருந்தனர் என்பது அப்போது அச்சில் வந்தது.

ஆன் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் எந்தக் கணக்கிலும் அடங்குவதில்லை.

1970 ஆகஸ்டில் 'டைம்' நிருபர் ராபர்ட் சாம் ஆன்சன் கம்போடியாவில் கம்யூனிஸ்டுப் படையினரிடம் சிக்கினார். அவ்வாண்டு அங்கே சிக்கிய செய்தியாளர் பலர் திரும்பவே இல்லை. ஆன்சனின் மனைவி சைகோன் அலுவலகத்துக்கு வந்து அழுதார். ஆன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் யாருக்கும் தெரியாமல் தம் மேலிடத்துக்குச் சொல்லியனுப்பினார். மூன்று வாரம் கழித்து ஆன்சன் உயிரோடு விடப்பட்டார். யார் காப்பாற்றியது என்பது அவருக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். தேடிப் போய்க் கேட்டார். தாம் அமெரிக்காவுக்குப் பகைவராக இருந்தாலும் அவருக்கு நண்பர் என்ற பொருளில் ஆன் விடை சொன்னார்.

மற்றொன்று, சைகோன் வீழ்வதற்கு முன் நாள். அதிபர் டியெம் காலத்தில் இரகசியப் போலீசுக்குத் தலைவராயிருந்தவர் டாக்டர் டிரான் கிம் துயென். கம்யூனிஸ்டுகள் பலரைச் சிறையில் அடைத்தவர். கம்யூனிஸ்டுகள் வந்தால் அவர் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தப்பிச் செல்ல வழியின்றி அவர் ஆனிடம் வந்தார். ஆன் அவரைத் தம் காரில் ஏற்றி, இடம் இடமாக அலைந்து, கியா லாங் தெருக் கட்டடம் ஒன்றின் வாயிலுக்குக் கொண்டு சென்றார். கதவு மூடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் அவரைத் தள்ளிவிட்டார். கூரைக்கு ஏறும் மனிதர் வரிசையும் அவர்களை ஏற்றக் காத்திருக்கும் ஹெலிகாப்டருமாக உலகம் முழுதும் பார்த்த அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டது அக்கட்டடத்தில்தான். துயென் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். வென்றவர்களுக்கு இதை விளக்க வேண்டிய பொறுப்பு ஆன் தலையில் விழுந்தது.

1976இல் அவருக்கு 'மக்கள் படையின் வீரர்' என்ற பட்டம் கிடைத்தது. அமெரிக்கா சென்ற மனைவி மக்களும் பாரிஸ், மாஸ்கோ வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தனர். ஆயினும் வெற்றி பெற்ற அரசு அவரை முழுதாக நம்பவில்லை. அமெரிக்கரோடு நெடுநாள் பழகியவர் ஆயிற்றே! 1978இல் ஏறத்தாழ பத்து மாதம் ஹனோயில் அரசியல் பாடம் படிக்க அனுப்பினார்கள். ஐம்பது வயது கடந்தவர், தாம் எந்தக் கொள்கைக்காக உயிரைப் பணயம் வைத்தாரோ அந்தக் கொள்கையை மாணவர்போல் பலகையில் அமர்ந்து படித்தார். பின் பல ஆண்டுகள் வெளிநாட்டாரைச் சந்திக்கத் தடை. 1980களின் இறுதியில் தடை தளர்ந்தபோதுதான் பழைய நண்பர்கள் வந்து பார்த்தார்கள்.

அவர்களுள் மனம் உடைந்தவர் உண்டு. செய்தியாளர்கள் ஒற்றர்களே என்று குற்றஞ்சாட்டிய அதிகாரிகளிடம், இல்லை, இல்லை என்று காலமெல்லாம் வாதாடியவர்கள் அவர்கள். ஆன் அந்த வாதத்தையே பொய்யாக்கிவிட்டார். இந்தக் குறை நியாயமானது என்பதே நம் எண்ணம். அவர் 'டைம்' ஏட்டில் பொய்ச் செய்தி எதையும் புகுத்தவில்லை என்று உடன் பணியாற்றியவர் பலர் சான்று சொல்கின்றனர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பொய் எழுதும் உளவாளி விரைவில் அகப்பட்டுக்கொள்வான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நேர்மை அவருக்குப் பண்பாகவும் இருந்தது, போர்வையாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க அவராலேயே முடிந்ததோ என்னவோ!

1990இல் அவர் மேஜர் ஜெனரல் நிலைக்கு உயர்த்தப்பட்டார். தம்மைக் காண வந்தவர்களிடம் பறவைக் கூண்டுகளுக்கு நடுவே அமர்ந்து, புகைபிடித்தபடி, கலிபோர்னியாவில் கழித்த நாள்களைப் பற்றி ஆசையோடு பேசுவார். நுரையீரல் நோயால் 2006 செப்டம்பர் 20ஆம் நாள் காலமானார். இராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 1990களில், அவருடைய மூத்த மகன் மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்ல விரும்பினார். வழிச்செலவுக்கும் படிப்புக்கும் பணம் தேவைப்பட்டது. ஆனோடு சைகோனில் வேலை பார்த்த பழைய அமெரிக்கச் செய்தியாளர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அனுப்பினார்கள். மகன் வட கரோலினாவுக்குப் போய்ச் சேர்ந்தார். படித்தது இதழியல்.